மூன்று வேலைகளுக்கு மட்டும்

மூன்று வரி. கிருபாகரன் எங்கள் சாட் குழுவில் போட்டிருக்கும் பட்டியலில் மூன்றே மூன்று வரி இருக்கிறது, அதை ஆறாவது தடவையாகப் படிக்கிறேன். சர்வர்களின் பழைய பாதுகாப்புச் சான்றிதழை எடுத்து வைத்தல். புதிய சான்றிதழை ஏற்றுதல். சர்வர்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்தல். கீழே ஒரு சிரிக்கும் பொம்மை, அதற்கும் கீழே, "தில்லை, உன் ஓகே வந்தா ஆரம்பிச்சிடலாம்." நாலாவது வரி இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பொம்மை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடம். பெருங்குடி ஆபீஸின் நான்காவது மாடியில் என்னைத் தவிர ஆள் இல்லை, ஏசியைக்கூடப் பாதிதான் போட்டிருக்கிறார்கள், கழுத்துக்குப் பின்னால் கசகசவென்று இருக்கிறது. தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்து அரைமணி நேரமாகிறது, ஒரு வாய் இறங்கவில்லை. பயம் என்று நினைத்தேன். பயமில்லை, சந்தோஷம். சந்தோஷத்திலும் சாப்பாடு இறங்காது என்பதை இந்த முப்பத்தொன்பது வயதில்தான் தெரிந்துகொள்கிறேன். கிருபாகரன் அங்கே திருநெல்வேலியில், எங்கள் பெரிய வாடிக்கையாளரான ஆஸ்பத்திரியின் தலைமைக் கட்டிடத்தில், கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவர்களுடைய ஒன்பது ஊர் ரத்தப் பரிசோதனை லேப்களின் சர்வர்களும் எங்கள் பொறுப்பு. பக்கத்தில் அவர்களுடைய கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் வேலாயுதம் சார். கிருபாவின் திரை என் திரையில் தெரிகிறது, அவன் குரல் எனக்குக் கேட்கிறது, என் குரல் அவனுக்குக் கேட்காது. பார்வையாளர்களின் மைக்கை மூடி வைத்துவிட்டான். பார்வையாளர் என்றால் நான் ஒருத்திதான். ஆறு வருஷமாகக் கீபோர்டைத் தொடாதவன் இன்று இந்த வேலைகளைத் தானே உட்கார்ந்து ஓட்டுகிறான், ஏனென்றால் திங்கள்கிழமை அவன் தென்மண்டலத் தலைவன் ஆகப்போகிறான், தலைவனுக்கு வேலையும் தெரியும் என்று காட்ட வேண்டும் இல்லையா. எங்கள் கம்பெனியில் ஒருவர் ஓட்டினால் இன்னொருவர் பட்டியலைப் படித்து எழுத்தில் ஓகே சொல்ல வேண்டும், அது சட்டம். நான் எழுதினேன். "பட்டியலில் உள்ள மூன்று வேலைகளுக்கு மட்டும் ஒப்புதல். தில்லைநாயகி." மட்டும் என்ற சொல்லை ஒரு தடவை அழித்துவிட்டு மறுபடி அடித்தேன், அடிக்கும்போது விரல் இனித்தது. அனுப்பினேன். இரண்டு பதினாலு.

"சார், முன்னாடி எல்லாம் சின்ன வேலைன்னாகூட அறுபத்திரண்டு டாஸ்க்கும் மேல இருந்து கீழ வரைக்கும் ஓடும். இப்ப பாருங்க, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டேக் ஒட்டி வச்சிருக்கோம். டேக் பேரைச் சொன்னா நமக்கு வேணும்ங்கறது மட்டும் ஓடும், மத்தது தூங்கும்." தூங்கும். எவ்வளவு அழகாகச் சொல்கிறான். வேலாயுதம் சார் "ம்ம்" என்கிறார். கிருபா, மத்தது எல்லாம் தூங்காது கிருபா. ஆல்வேஸ் என்று ஒரு டேக் இருக்கிறது, அது ஒட்டியிருக்கிற வேலையை நீ கூப்பிட வேண்டியதே இல்லை, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது கூடவே எழுந்து வரும். இதைத் தனியாகச் சொல்லி நிறுத்தினால்தான் நிற்கும். கற்றுக்கொள்கிற முதல் மாதத்திலேயே எல்லோரும் படிப்பது, எல்லோரும் மறப்பது. நேற்று சாயங்காலம் அந்த அறுபத்திரண்டு வேலையும் எழுதியிருக்கும் கோப்பை நான் மேலிருந்து கீழ் வரை படித்தேன், என் வேலையே அதுதானே இப்போது, மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது. அறுபத்திரண்டாவது வேலை, கடைசி வேலை, ஹவுஸ்கீப்பிங் என்று சாதுவாக ஒரு பெயர், தற்காலிகக் கோப்புகள் இருக்கிற ஃபோல்டரைச் சுத்தமாகத் துடைப்பது. கீழே, ஆல்வேஸ். அந்த ஃபோல்டரில் ஒரு காலத்தில் குப்பை மட்டும்தான் இருந்தது. போன மாதம் கிருபாவின் ஆட்கள், இடம் போதவில்லை என்று, டாக்டர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அன்றைய ரிப்போர்ட்டுகளை அங்கே மாற்றி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அதற்கு பேக்கப். அதாவது இப்போது அவன் ஓட்டினால் காலையிலிருந்து ஒன்பது ஊரிலும் எடுத்த ரத்தம் எல்லாம், அந்த எண்கள் எல்லாம், சுத்தமாகப் போய்விடும். படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மல்லிகைப்பூ இரண்டு முழம் வாங்கினேன், எதற்கு என்று என் கணவர் கேட்டார், சும்மா என்றேன்.

மெஷினிடம் கேட்டால் பட்டியலை அதுவே தரும். இந்த டேக் போட்டால் என்னென்ன ஓடும் என்று ஒரு கட்டளை, ஒரு வினாடி, நாலு வரி வந்து விழுந்திருக்கும். அதை அப்படியே ஒட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். அவன் ஒட்டவில்லை. கையால் அடித்திருக்கிறான். எனக்குத் தெரியாதா, மூணுதானே என்று அடித்திருக்கிறான். ஒத்திகை ஓட்டமும் பார்த்தான், வேலாயுதம் சார் கண்ணெதிரே, ஆனால் ஒத்திகையில் இந்த மாதிரித் துடைக்கிற வேலையை மெஷின் தொடாது, தாண்டினேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். அந்த வரி வந்தது. நீல நிறத்தில், கடைசியில். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவன் மவுஸை உருட்டி மேலே போனான், "எல்லாம் பச்சை சார்" என்றான். கண் இருந்தும் பார்க்கவில்லை. பார்க்காமலே இருடா. என் வயிற்றெரிச்சல் இரண்டு வருஷம் காத்திருந்தது இந்த ஒரு நீல வரிக்காகத்தான். இன்னும் கால் மணி நேரத்தில் வேலாயுதம் சாருக்கு ஃபோன் வரும், முதலில் ஒரு ஊரிலிருந்து, அப்புறம் ஒன்பது ஊரிலிருந்தும், உன் மூஞ்சியில் ஈ ஆடாது, கோட்டுக்குள் வேர்க்கும், நீ குழுவைத் திறந்து என் ஓகேயைத் தேடுவாய், அதில் மட்டும் என்று எழுதியிருக்கும். நீங்க கொடுத்த மூணு வேலைக்குத்தானே நான் ஓகே சொன்னேன் கிருபா, நாலாவது எங்கேர்ந்து வந்துச்சு? எழுத்துல இருந்தா காட்டுங்களேன். அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எழுத்துல இருந்தா காட்டுங்களேன். அது என் வாக்கியம் இல்லை, அவனுடையது, அவன் எனக்குக் கொடுத்தது, அதே சூட்டோடு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்குத் திங்கள்கிழமை, காலை பத்தரை. இதே ஆஸ்பத்திரி, இதே சர்வர்கள், ஓட்டியது நான். முழுவதும் ஓட முக்கால் மணி ஆகும், முதல் பத்து வேலைகள் சோதனைகள், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, பேக்கப் இருக்கிறதா என்று பார்ப்பவை. கிருபா ஃபோன் பண்ணினான். எங்கிருந்தோ காரில் போய்க்கொண்டே பேசினான், ஹார்ன் சத்தம் கேட்டது. "தில்லை, முழுசா ஓட்ட டைம் இல்ல. செக் எல்லாத்தையும் ஸ்கிப் பண்ணிட்டு மத்ததை மட்டும் ஓட்டு." நான், "கிருபா, டிஸ்க் ரொம்ப டைட்டா இருக்கு" என்றேன். சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். "நான் சொல்றேன்ல, ஓட்டு. நான் பாத்துக்கறேன்." நான் பாத்துக்கறேன். அந்த இரண்டு சொல்லை நம்பி ஸ்கிப் போட்டு ஓட்டினேன். இடம் இல்லாமல் டேட்டாபேஸ் மூச்சு முட்டி நின்றது, ஆறு மணி நேரம், அன்று காலை எடுத்த பரிசோதனைகளின் முடிவுகள் பாதி காணாமல் போயின. புதன்கிழமை விசாரணைக் கூட்டம். பதினோரு பேர், பிளாஸ்க்கில் டீ, தட்டில் மேரி பிஸ்கட். கிருபா எனக்கு நேர் எதிரே. நான் சொன்னேன், நீங்கதானே கிருபா ஸ்கிப் பண்ணச் சொன்னீங்க. அவன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல், பாவம் பார்க்கிற குரலில், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே தில்லை. சொல்லியிருந்தா ஒரு மெசேஜாவது இருக்குமே. எழுத்துல இருந்தா காட்டேன்." பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு அழைப்பின் நேரம், ஒரு நிமிடம் நாற்பது வினாடி, அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் என்ன பேசினோம் என்று எந்த மெஷினும் எழுதி வைக்கவில்லை. பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது, அவன் ஸ்பூன் கேட்டான்.

என் தலையில் கட்டிவிட்டு அவன் கை கழுவினான், அது கூடப் பரவாயில்லை. பெயர் வைத்தான் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. இனிமேல் யார் எதை ஓட்டினாலும் மெஷின் தரும் பட்டியலைக் குழுவில் போட்டு இன்னொருவர் ஓகே சொல்ல வேண்டும் என்று முடிவானதும், கிருபா சிரித்துக்கொண்டே, "இதுக்கு தில்லை ரூல்னு பேர் வச்சிடலாமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைகிற நேரத்துச் சிரிப்பு, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் கொடுமை. ஒட்டிக்கொண்டது. டீம் மாற்றி என்னை ஆவணப் பிரிவில் போட்டார்கள், நானே உட்கார்ந்து அந்தச் சட்டத்தை எழுதினேன், தலைப்பில் வேறு பெயர் போட்டேன், ஆனால் வாய்ச்சொல்லில் தில்லை ரூல்தான். பெங்களூரில் தில்லை ரூல். புனேயில் தில்லை ரூல், அங்கே அதை ஏதோ கோயில் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். போன வருஷம் லிஃப்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் அடையாள அட்டையைப் படித்துவிட்டு, "மேம், அந்தத் தில்லை நீங்கதானா?" என்று கேட்டாள், ஏதோ பிரபலத்தைப் பார்த்த மாதிரி கண் விரிய. ஆமாம்மா நான்தான் என்றேன். அன்று வீட்டில் என் கணவர், "விடு தில்லை, பெரிய ஆபீஸ்னா அப்படித்தான்" என்றார். எதை விடுவது? என் அம்மா சிதம்பரத்தில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர், இப்போது ஒரு தப்பின் பெயர். கிருபா ரூல் என்று ஒன்று வர வேண்டும். யாரோ ஒருத்தி லிஃப்டில் அவன் அட்டையைப் படிக்க வேண்டும். அதோடு இன்னொன்று, இதை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது, அந்த ஹவுஸ்கீப்பிங்கை எப்போதும் ஓடும்படி வைக்கச் சொன்னதும் அதே புதன்கிழமை அதே கிருபாதான். "டிஸ்க் மறுபடி நெரம்பிடக் கூடாது, எந்த வேலை ஓடினாலும் இதுவும் ஓடணும்." தீர்மானம் எண் ஏழு. குறிப்பு எடுத்தது நான். அவன் மறந்துவிட்டான். எழுதினவளுக்கு மறக்குமா.

ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் வேலை பச்சை, இரண்டாவது மஞ்சள், மஞ்சள் என்றால் மாற்றம் நடந்தது என்று அர்த்தம், எல்லாம் ஒழுங்காகப் போகிறது. மூன்றாவதுதான் மெதுவாகப் போகும், ஒவ்வொரு சர்வராக நிறுத்தித் தொடங்கி, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும். சர்வர்களுக்கு ஊர்ப் பெயர்தான் வைத்திருக்கிறோம். பாளையங்கோட்டை வந்தது. குழுவில் அந்த ஊர் லேப் ஆள் ஓகே போட்டார். அம்பாசமுத்திரம் வந்தது, ஓகே. இன்னும் ஏழு ஊர், பதினாலு நிமிடம், அப்புறம் அந்த நாலாவது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கிருபா வேலாயுதம் சாரிடம் அடுத்த வருஷத் திட்டம் பேசிக்கொண்டிருக்கிறான். பேசு, நன்றாகப் பேசு. தென்காசி வந்தது. குழுவில் அந்த ஊர் லேப் ஸ்டெல்லா. "தென்காசி வந்துட்டு. இன்னைக்கு காலைல இருந்து 64 பேர் ரிப்போர்ட் கையெழுத்துக்கு நிக்கி. தில்லை மேடம் பாத்துட்டாங்கள்லா, அப்ப சரி." கீழே ஒரு கட்டைவிரல், என் ஒப்புதலுக்கு. கிருபாவின் திரையில் அந்தச் செய்தி ஒரு மூலையில் எட்டிப் பார்த்து மறைந்தது. எனக்கு மறையவில்லை. ஸ்டெல்லா ஏன் இன்றைக்கு டியூட்டியில் இருக்கிறாள், அவளுக்கு சனிக்கிழமை லீவு என்று நினைத்திருந்தேன். இல்லை, நினைக்கவில்லை. அவளைப் பற்றி நினைக்கவே கூடாது என்று வைத்திருந்தேன்.

இந்த இரண்டு வருஷத்தில் அந்தத் திங்கள்கிழமையை நான் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், எனக்கு வேண்டியதை மட்டும். ஹார்ன் சத்தம், நான் பாத்துக்கறேன், பிஸ்கட், ஸ்பூன், சிரிப்பு. கோபம் என்று பெயர் சொன்னால் வருபவை மட்டும் வரும், அந்தக் கட்டளை எனக்குப் பழகிவிட்டது. ஆனால் எப்படி ஓட்டினாலும் கடைசியில் ஸ்டெல்லா வந்துவிடுகிறாள். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவள் ஃபோன் பண்ணினாள், நான்காவது தடவை. "மேடம், இங்க ஒரு பிள்ளத்தாச்சி பொண்ணு. காலைல இருந்து சாப்பிடாம மூணு தடவ ரத்தம் குடுத்திருக்கா. சுகர் டெஸ்ட்டு. அந்த குளுக்கோஸ் தண்ணியக் குடிக்கதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. ரிசல்ட் இல்லன்னா திரும்ப முதல்ல இருந்துல்லா குடிக்கச் சொல்லணும்? நான் எப்படி மேடம் சொல்லுவேன்?" நான் என்ன சொன்னேன்? பாக்கறோம் ஸ்டெல்லா என்றேன். பின்னால் அந்தப் பெண் அழுதது கேட்டது. சத்தமாக இல்லை, பசியில் அழுகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுவார்களே அப்படி. விசாரணைக் கூட்டத்தில் அதை நான் சொல்லவில்லை. பதினோரு பேரும் நேரத்தையும் நிமிடத்தையும் பேசினோம், ஆறு மணி நேரம், ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அந்தப் பெண் மறுபடி குடித்தாளா, வேறு எங்காவது போனாளா, என்ன ஆனாள் என்று ஸ்டெல்லாவிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டால் என் கோபத்தில் பங்குக்கு ஆள் வந்துவிடும் என்று பயம். அதைத் தனியாகவே வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

சங்கரன்கோவில் வந்துவிட்டது. கோவில்பட்டி. அறுபத்து நாலு தென்காசியில் மட்டும், ஒன்பது ஊருக்கும் எவ்வளவு இருக்கும், எண்ணாதே தில்லை. எண்ணாமல் என்ன. அது என் தப்பு இல்லை, அவன் தப்பு, அவன் கையால் அடித்த பட்டியல், அவன் பார்க்காத நீல வரி, அவன் ஏழாவது தீர்மானம், நான் படித்தேன், அவ்வளவுதான், படித்தது குற்றமா. படித்துவிட்டு மட்டும் என்று எழுதினேன். அன்று அவன் காரில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் செய்ததை இன்று நான் ஏசி பாதி ஓடும் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு செய்கிறேன், செய்யட்டுமே, ஒருவன் செய்யலாம் ஒருத்தி செய்யக் கூடாதா. செய்யலாம். ஆனால் அன்றும் இன்றும் குளுக்கோஸ் டம்ளரைத் தூக்கப்போவது அப்படி ஒரு பெண்தான். சனியனே, ஸ்டெல்லா, நீ இன்றைக்கு லீவு எடுத்தால் என்ன. நாங்குநேரி. ஃபோனை எடுத்துவிட்டேன். ஃபோன்தான் சரி, ஃபோனில் சொன்னால் எழுத்து இல்லை, எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை, கிருபா நாலாவதா ஒண்ணு இருக்கு நிறுத்துங்க என்று ஐந்து வினாடி, அவன் நிறுத்துவான், அப்புறம் நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று நானும் சொல்லலாம். அவனிடம்தானே கற்றுக்கொண்டேன். அடித்தேன். வெட்டிவிட்டான். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று அவன் ஃபோனே ஒரு பதில் அனுப்பியது. மறுபடி அடித்தேன். வெட்டினான், ஃபோனோடு இணைத்திருக்கும் அவன் திரையில் என் பெயர் எழுந்து விழுந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன், "ஆபீஸ்ல இருந்து சார், ஒண்ணுமில்ல" என்று வேலாயுதம் சாரிடம் சொன்னதையும் கேட்டேன். ஒண்ணுமில்ல. திசையன்விளை. இன்னும் இரண்டு ஊர்.

குழுவைத் திறந்தேன். எழுத்து. அவன், வேலாயுதம் சார், ஒன்பது லேப், பெங்களூர், எல்லோரும் படிக்கும் எழுத்து, நேரம் போட்டு நிற்கும் எழுத்து. "நிறுத்துங்க. ஆல்வேஸ் டேக்ல நாலாவதா ஒரு வேலை இருக்கு, இன்னைக்கு ரிப்போர்ட் எல்லாத்தையும் அழிச்சிரும். பட்டியல் மெஷின் குடுத்தது இல்ல, கையால அடிச்சது." இதோடு அனுப்பினால் போதும். போதும் என்பதுதான் பிரச்சினை. இதோடு அனுப்பினால் நான் கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்துக் காப்பாற்றியவள், தெய்வம், பூ வாங்கிக் கொடுப்பார்கள். அவன்? அவன் ஒரு வினாடி வெளிறுவான், அப்புறம் வேலாயுதம் சார் பக்கம் திரும்பி, பாத்தீங்களா சார், இதுக்குத்தான் ரெண்டாவது கண்ணு, எங்க சிஸ்டம் எப்படி வேலை செய்யுது பாருங்க என்பான். சொல்வான். எனக்கு அவனைத் தெரியும். திங்கள்கிழமை அவன் தலைவன், தில்லை ரூலுக்கு இன்னொரு கைதட்டல், பிஸ்கட், டீ. விசாரணை இருக்காது. விசாரணை வேண்டும் எனக்கு. மறுபடியும் அந்த அறை, அந்தப் பதினோரு பேர், இரண்டு கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும், அவனுடைய இன்றைய மூன்று வரியும் அன்றைய ஒரு நிமிடம் நாற்பது வினாடியும். அதற்கு ஒரு வரி குறைகிறது. அதை எழுதினால் நான் அவனுக்கு எதிரே உட்கார மாட்டேன், அவனுக்குப் பக்கத்தில் உட்காருவேன், என் வேலையும் போகலாம். போகட்டும். அவன் வாயைத் திறந்து தப்பிக்க முடியாதபடி கதவை உள்ளே இருந்து பூட்ட வேண்டுமென்றால் நானும் உள்ளே இருந்துதான் ஆக வேண்டும். அதோடு, ஸ்டெல்லாவின் அந்தக் கட்டைவிரல் இன்னும் என் பெயருக்குக் கீழேயே நிற்கிறது. எழுதினேன். "இது எனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சுதான் ஓகே சொன்னேன்." இந்த முறை விரல் இனிக்கவில்லை. அனுப்பினேன். இரண்டு முப்பத்தொன்று.

வேலாயுதம் சார்தான் முதலில் படித்தார். "கிருபாகரன், இதென்னது? நிறுத்துங்க, முதல்ல நிறுத்துங்க." கீபோர்டில் டப்பென்று ஒரு அடி, ஓட்டம் நின்றது. எட்டாவது ஊரான கடையத்தில், வள்ளியூருக்கு ஒரு ஊர் முன்னால். பச்சையும் மஞ்சளும் அப்படியே உறைந்து நின்றன. நாலாவது வரி வரவில்லை. அறையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம், அப்புறம் கிருபா மைக்கை மூடிவிட்டான், திரையையும் மூடிவிட்டான், என் எதிரே கறுப்பாக ஒரு கட்டம். குழுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆட்கள் படித்ததற்கான அடையாளம் ஏறிக்கொண்டே போகிறது, எட்டு, பதினொன்று, பதினாலு. ஸ்டெல்லாவின் கட்டைவிரல் எடுபட்டுவிட்டது. எப்போது எடுத்தாள் என்று பார்க்கவில்லை. தயிர்சாதத்தில் ஒரு வாய் எடுத்தேன், புளித்திருந்தது, விழுங்கினேன், இறங்கியது. இரண்டாவது வாய் எடுக்கும்போது ஃபோன் அடித்தது. கிருபா. இரண்டு தடவை என்னை வெட்டிய கிருபா. படிக்கட்டுக்கு வந்திருக்கிறான் போல, குரல் எதிரொலித்தது, மூச்சு வாங்கியது.

"தில்லை, நல்லவேளை. சரி, நான் சொல்றதைக் கேளு. அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணா போச்சு. நீதான் கண்டுபுடிச்சேன்னு நான் சொல்லிடறேன், உனக்கு நல்ல பேர், எனக்கும் பிரச்சினை இல்ல. அவங்க எல்லாத்தையும் தோண்ட ஆரம்பிச்சாங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. பழசையும் சேர்த்துத்தான் சொல்றேன், புரியுதா? நான் பாத்துக்கறேன்."

அதே இரண்டு சொல், அதே இறக்கத்தில். அழைப்பு தொடங்கி முப்பத்தெட்டு வினாடி என்று திரை காட்டியது. நான் கையிலிருந்த தயிரை டப்பா ஓரத்தில் வழித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டேன்.

"கிருபா, இதைக் குழுவுல எழுதிப் போடுங்க," என்றேன். "நான் படிச்சிட்டு ஓகே சொல்றேன்."